குமிழைத் திருகிய கை

இப்போதெல்லாம் மனுஷன் வாயால் ஒன்றைச் சொன்னால் எவனும் நம்புவதில்லை. வயிறு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால் அவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறார். வலி இருக்கிறது என்று திரை சொன்னால்தான் வலி. வாசலில் நிற்கிறவன், உள்ளே ஆள் இருமுவது காதில் விழுந்த பிறகும், போன் போட்டு "வீட்லதான் இருக்கீங்களா?" என்று கேட்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் கையிலிருக்கும் கருவியைப் பார்த்து "மழை இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே மழைக்குள் இறங்கிப் போனார். தொப்பலாகத் திரும்பி வந்தவர், கருவியைத் துடைத்தபடி, "இன்னும் இல்லைன்னுதான் காட்டுது" என்றார்.

தட்டுக்காரர் இதையெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுபற்றி அவருக்கும் கவலையில்லை. ஆனால் பெற்ற மகளே ஒரு நாள், "உங்க பாட்டை மட்டும் தள்ளி வெச்சுட்டோம்ப்பா, கணக்கோட ஒட்டல" என்று சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது.

தட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், இருபத்தாறு வருஷம் ஒரு கடையில் பழைய இசைத்தட்டுகளைக் கேசட்டில் ஏற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தார். கடையும் போயிற்று, தட்டும் போயிற்று, கேசட்டும் போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மகள் இசை ஆராய்ச்சிக்காரி. எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எப்படிப் பாடினார்கள் என்பது அவள் வேலையில் ஒரு பாதி. கேட்டவர்களின் தலைக்குள் அந்தப் பாட்டு எப்படித் தங்குகிறது என்பது மறு பாதி. "பாட்டு காதோட முடிஞ்சு போற விஷயம். இதுல தலைக்கு என்ன வேலை?" என்று தட்டுக்காரர் கேட்காத நாளில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். வருகிற வியாழக்கிழமை ஒரு குழு உட்கார்ந்து அவள் ஆராய்ச்சியைக் கேட்கப் போகிறது. அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அந்த ஆராய்ச்சிக்குத்தான் அறுபது வயசுக்கு மேற்பட்ட ஆட்கள் வேண்டும் என்று அப்பனையும் கூப்பிட்டிருந்தாள். ஆய்வுக்கூடம் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. நாலு சுவரிலும் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகப் பஞ்சு. நடுவில் ஒரு நாற்காலி, ஒரு மைக். "ஐயா, பெரிய பாட்டுக்காரியோட அஞ்சு பாட்டு பேரு இந்தத் தாள்ல இருக்கு. மனசுல எப்படி ஓடுதோ அப்படியே முதல் வரியைப் பாடுங்க" என்றான் மகளோடு வேலை பார்க்கிறவன். மூளையைப் பற்றிப் படித்தவன் என்பதால் தட்டுக்காரர் அவனுக்கு மூளைக்காரன் என்று பெயர் வைத்திருந்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் "சுவாரசியமா இருக்கே" என்பான்.

பெரிய பாட்டுக்காரி செத்து அறுபது வருஷமாகிறது. அவள் பாட்டு தெரியாத வீடு கிடையாது. தட்டுக்காரர் ஐந்தையும் பாடிவிட்டு எழுந்து வந்தார்.

ஒரு வாரம் கழித்துத்தான் இந்தத் தள்ளி வைத்த சேதி. அவர் நேரே ஆய்வுக்கூடத்துக்கே போய் நின்றார்.

"எதுக்காகத் தள்ளி வெச்சீங்க?"

"கோவப்படாதீங்கப்பா. அறுபத்திரண்டு பேர் பாடினாங்க. பஸ் ஓட்டினவர், நர்ஸ், தையல்காரர், பாட்டே கத்துக்காதவங்க எல்லாரும். அத்தனை பேரும் பழைய பதிவுல எந்தச் சுருதியோ கரெக்டா அதே சுருதியில ஆரம்பிக்கிறாங்க. அதே வேகம். நாப்பது வருஷமா தலைக்குள்ள அப்படியே இருக்கு. நீங்க ஒருத்தர்தான் அஞ்சு பாட்டையும் அரைச் சுருதி கீழ பாடியிருக்கீங்க. மெதுவாவும் இருக்கு."

"வயசானா மனசுக்குள்ள இருக்கிற கடிகாரம் கொஞ்சம் மெதுவாகும் ஐயா" என்று மூளைக்காரன் ஆறுதல் சொன்னான். "குரலும் இறங்கும். சகஜம்."

"என் கடிகாரத்துக்கு ஒரு கேடும் இல்ல. அந்த நர்ஸம்மாவுக்கு என்னைவிட நாலு வயசு அதிகம். அவங்க கடிகாரம் மட்டும் எப்படி ஓடுது?"

"அதான் சுவாரசியம்" என்றான் அவன்.

தட்டுக்காரருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. "அந்தப் பழைய பதிவைப் போடு. நானும் கேக்கறேன்."

மகள் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தட்டினாள். பாட்டு வந்தது. இரண்டு வரிகூடத் தாங்கவில்லை அவருக்கு; நாளெல்லாம் கடையில் கேட்டு அலுத்து, வெளியே கேசட் ஓடினாலே எழுந்து போய்விடுகிற ஆள் அவர். "யாரு இது? வாலை மிதிச்ச பூனை மாதிரி கத்துது."

"அதே பெரிய பாட்டுக்காரிதாம்ப்பா! இதுதான் என் ஆராய்ச்சியே. மைக் வர்றதுக்கு முன்னாடி கூட்டத்துக்கெல்லாம் கேக்கணும்னு உச்சத்துல பாடினாங்க. மைக் வந்ததும் குரல் தணிஞ்சுது, வேகம் குறைஞ்சுது. பாருங்க, அவங்க கடைசிக் காலத்துப் பாட்டு ஆறு இருக்கு. ஆறும் அரைச் சுருதி இறக்கம். மத்த பாடகர்கள்லயும் இப்படித்தான். தொழில் மாறினதும் குரல் மாறிச்சு, குரல் மாறினதும் கேக்கிற மூளை மாறிச்சு."

அவள் முகம் ஜொலித்தது. சின்ன வயசில் பரீட்சை எழுதிவிட்டு வரும்போது இருந்த அதே முகம். தட்டுக்காரர் திரையைப் பார்த்தார். பாட்டு எங்கிருந்து வந்தது என்று காட்டுவதற்காக ஒரு பழைய கேசட் அட்டையின் படத்தை அதில் போட்டிருந்தார்கள். பக்கம் ஒன்று, பாட்டு ஒன்று முதல் பத்து. பத்து வரியும் வலது பக்கமாகச் சரிந்து, கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெருக்கியடித்து ஏறியிருந்தன.

அந்தக் கோணல் எழுத்து அவருடையது.

"இது எங்கேர்ந்து கிடைச்சுது?" என்றார்.

"இசை நூலகத்துலேர்ந்து. மூலத் தட்டெல்லாம் அங்கே கீழ்த்தளத்துல குழாய் உடைஞ்சு பாழாப் போச்சு. கேசட்தான் மிச்சம். ஊர்ல வித்தது எல்லாமே இதோட நகல்தான். ஏம்ப்பா?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிக் கேட்டு மகளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அவளுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது.

பஸ்ஸில் வரும்போது எல்லாம் ஞாபகம் வந்தது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நூலகத்திலிருந்து பெட்டி பெட்டியாகத் தட்டுகள் கடைக்கு வந்தன. தடித்த கறுப்புத் தட்டுகள். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். முதலாளி, "ஒரு பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. ஒண்ணும் குறையக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பத்துப் பாட்டைக் கூட்டினால் முப்பத்தொன்றரை நிமிஷத்துக்கு மேலே போகிறது. "ஏறாதுங்க" என்றார் தட்டுக்காரர். "மெஷின்ல வேகக் குமிழ் எதுக்கு இருக்கு? அலங்காரத்துக்கா?" என்றார் முதலாளி.

திருகினார். நூலிழை அளவு. தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றியது, பத்துப் பாட்டும் பக்கத்தில் அடங்கியது. கூடவே குரல் அரைச் சுருதி ஏறிப்போனது. கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தட்டையும் முதலில் சரியான வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது அவர் வழக்கம். பெரிய பாட்டுக்காரியின் உண்மையான குரல் அவர் காதில் விழுந்தது அப்படித்தான். ஊர் கேட்டதெல்லாம் குமிழைத் திருகிய பிறகு வந்த குரல்.

ஆக, அறுபத்திரண்டு பேரில் ஒழுங்காகப் பாடியவர் அவர் ஒருவர்தான். அந்த ஒருவரைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது போகட்டும். மகளின் மைக் கதை, மூளைக் கதை எல்லாம் அவருடைய இரண்டு விரலில் பிறந்த கதை. பதினோரு வருஷம் காத்திருந்துவிட்டு வியாழக்கிழமை அவள் அதைத்தான் போய்ச் சொல்லப் போகிறாள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"போய்ச் சொல்லணும்."

"வியாழக்கிழமை முடியட்டும். வேலை கைக்கு வந்துடட்டும். அப்புறம் சாவகாசமா சொல்லிக்கலாம்."

"அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சான்னா? ஊர் சிரிக்காதா?"

"நாப்பது வருஷமா எவன் கண்டுபிடிச்சான்? உங்களுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு." ஒரு சட்டையை உதறினாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா உங்களுக்குப் பல்லு கொட்டிடுமா?"

"பல்லு எப்பவோ கொட்டிடுச்சு."

"அதான் வார்த்தை நிக்க மாட்டேங்குது" என்றாள் அவள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது. "அந்தக் கேசட்டெல்லாம் நான் ஏத்தினது. வேகத்தைக் கூட்டி ஏத்தினேன். நீ சொல்ற உச்சக் குரல் பாட்டுக்காரியோடது இல்ல, என்னோடது."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "என்னப்பா சொல்றீங்க? நாளன்னிக்கு நான் பேசணும். விளையாடற நேரமா இது?"

"நான் எப்பம்மா விளையாடியிருக்கேன்?"

மூளைக்காரன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாபகம் இருக்கே, அது சமயத்துல தானாவே கதை கட்டும். நேத்து நாங்க உங்க பாட்டைத் தள்ளி வெச்சோம்னு சொன்னோம், உங்களுக்கு மனசு கஷ்டப்பட்டுது. அதுக்குத் தோதா மூளை ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்திருக்கும். உங்களுக்கு அது நிஜமாவே நடந்த மாதிரி இருக்கும். நாங்க இதையெல்லாம்தான் படிக்கிறோம்."

"குமிழைத் திருகினது என் மூளையாப்பா? இந்தக் கை!" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். "நாப்பது வருஷத்துக்கு முந்தின பாட்டை அந்த நர்ஸம்மா மறக்கலன்னா நம்புவீங்க. என் கை செஞ்ச வேலையை நான் மறக்கலன்னா நம்ப மாட்டீங்க. இது என்ன படிப்பு?"

"அப்பா, நீங்க சொல்றதை நான் எப்படிக் குழு முன்னாடி வைக்கிறது? எங்கப்பா சொன்னார்னா?" என்றாள் மகள்.

"அப்பன் சொன்னான்னு சொல்லாத. உன் கம்ப்யூட்டர் பெட்டியையே கேளு. அதைத்தான நம்புவீங்க? பத்துப் பாட்டு இருக்கிற பக்கத்துக்குத்தான் வேகம் கூட்டினேன். ஒரு பாடகரோட பாட்டு முடிஞ்சுட்டா அடுத்தவருக்குப் புதுப் பக்கம் எடுப்போம். அந்த மாதிரி குறைஞ்சு போன பக்கத்துல இடம் மிச்சம் இருந்துது. அவசரமில்ல, குமிழைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துட்டேன். எத்தனை பக்கத்துல பத்துக்குக் குறைச்சலா இருக்குன்னு பாரு."

மகள் பட்டியலைத் திறந்தாள். எண்பது பக்கம். எழுபத்தாறில் பத்துப் பாட்டு. நாலே நாலில் குறைவு. ஒன்றில் நாலு, ஒன்றில் ஏழு, ஒன்றில் மூன்று. கடைசியாக, பெரிய பாட்டுக்காரியின் பக்கத்தில் ஆறு.

ஆறு என்றதும் அவள் கை கம்ப்யூட்டர் மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. "கடைசிக் காலத்துப் பாட்டு ஆறு" என்று அவள் எழுதி வைத்திருந்தது அந்த ஆறைத்தான்.

"இதுக்கு வருஷம் போட்டது யாரு?" என்றார் தட்டுக்காரர்.

"அட்டையில வருஷம் இல்லப்பா. குரல் தணிவா இருந்துது. அதனால மைக் வந்த பிறகுன்னு... நானே..."

"அந்த ஆறும் அதுக்கு முந்தின பக்கத்துப் பத்தும் ஒரே பெட்டியில வந்த தட்டும்மா. ஒரே வாரத்துல ஒரே இடத்துல பாடினது. நம்பர் வரிசையா இருந்துது."

நாலு பக்கத்தையும் போட்டுப் பார்த்தார்கள். நாலும் தணிந்த குரல். எழுபத்தாறும் உச்சம். ஒன்றுகூட மாறவில்லை. மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போக நினைத்தாள் போலிருக்கிறது. அந்த அறையில் ஜன்னல் இல்லை. சுவரைப் பார்த்து நின்றாள். தட்டுக்காரருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நிஜம்தான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்ன பிறகு என்ன செய்வது என்பதை அவர் யோசித்து வைத்துக்கொண்டு வரவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"இப்ப கச்சேரிக்காரங்க எல்லாரும் தொண்டை கிழியப் பாடறாங்களே" என்றாள் அவள் சுவரிடமே. "அந்தச் சுருதிதான் மரபுன்னு சொல்லிக் கொடுக்கிறோம். என்கூடப் படிச்சவ ஒருத்தி தொண்டையில ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. எல்லாம் நீங்க குமிழைத் திருகினதாலயாப்பா?"

அவருக்கு அது தெரியாது. "முதலாளி சொன்னார், செஞ்சேன்" என்றார். சொன்னபோது அவருக்கே அது நொண்டிச் சாக்காகப் பட்டது.

விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூளைக்காரன் திடீரென்று மேசையைத் தட்டினான். "இது ரொம்ப சுவாரசியமா இருக்கு!"

தட்டுக்காரருக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"இல்லீங்க, யோசிச்சுப் பாருங்க. அறுபத்தோரு பேர். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. அத்தனை பேர் தலையிலயும் ஐயா கை திருகின அளவு நாப்பது வருஷமா மயிரிழை பிசகாம இருக்கு! மூலத்தைக் கேட்ட ஒரே ஆள் ஐயா. அவர் தலையில மூலம் மயிரிழை பிசகாம இருக்கு. எந்தச் சோதனையிலயும் இப்படி ஒண்ணை வேணும்னு பண்ண முடியாது. ஒரு ஊரையே நாப்பது வருஷம் ஏமாத்தணும்."

மகள் திரும்பினாள். முகத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. ஆனால் அந்த ஜொலிப்பு ஓரத்தில் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. "குரல் மாறினதால மூளை மாறல" என்றாள் மெதுவாக. "நகல் மாறினதால மூளை மாறிச்சு. மூளை மாறினதால பாடறவங்க குரல் மாறிச்சு. நான் தலைகீழா எழுதியிருக்கேன்."

"சரி, தப்பு தெரிஞ்சுதில்ல?" என்றார் தட்டுக்காரர். "ஆராய்ச்சி எல்லாம் கிடக்கட்டும். முதல்ல அந்த எழுபத்தாறு பக்கத்தையும் சரியான வேகத்துக்குக் கொண்டுவாங்க. அந்த அம்மா குரலை அந்த அம்மாகிட்டயே திருப்பிக் குடுங்க." 

அவர் பேச்சு யார் காதிலும் விழவில்லை. இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை தட்டுக்காரரும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். குழுவில் ஐந்து பேர். கேட்க வந்த கூட்டம் ஒரு நூறு இருக்கும். மகள் எதையும் மறைக்கவில்லை. இரண்டு நாள் முன்பு வரை நான் சொன்னது தப்பு என்றுதான் ஆரம்பித்தாள். தட்டுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவள், "ரெண்டு விதமா போடறேன். எது சரின்னு கை தூக்குங்க" என்றாள்.

முதலில் கேசட் குரல். அடுத்து, கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்த குரல். அறைக்குள் அந்தக் குரல் இறங்கி வந்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான். கீறல் பார்க்கும்போது கேட்ட அதே குரல். அகலமாக, அவசரமில்லாமல், மூச்சு விடுகிற இடம் தெரிகிற குரல். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

"ரெண்டாவதுதான் சரின்னு நினைக்கிறவங்க?"

அவர் கை தூக்கினார். சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் மூளைக்காரன் தூக்கியிருந்தான். அவன் விடை தெரிந்தவன்.

"முதல் குரல்?"

அறை முழுக்கக் கை. குழுவின் தலைவர் கை. அவர் பக்கத்திலேயே, வளையல் குலுங்க, மனைவியின் கை.

"அடியே, உனக்குத்தான் நான் சொன்னேனே!" என்று சீறினார்.

"சொன்னீங்க. ஆனா ரெண்டாவது தூங்கி வழியுதுங்க. அவங்க அப்படியா பாடுவாங்க?"

"அப்படித்தாண்டி பாடினாங்க! நான் கேட்டேன்!"

"நீங்க கேட்டீங்க. நீங்க கடைக்குப் போனப்புறம் நான் துவைக்கும்போது, சமைக்கும்போது, இவளைத் தூங்கவைக்கும்போதுன்னு நாப்பது வருஷம் கேட்டிருக்கேன்" என்றாள் மனைவி, கையை இறக்காமலே.

அறை சிரித்தது, மகளும் சிரித்தாள். "பாத்தீங்களா, இதுதான் நான் சொல்ல வந்தது" என்றாள். தலைவர் தலையை ஆட்டி ஆட்டி எதையோ எழுதினார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சாய்ந்து சொன்ன விதத்திலேயே தெரிந்தது, வேலை அவளுக்குத்தான். தட்டுக்காரருக்கு அதில் சந்தோஷம் இல்லாமலில்லை.

கேள்வி நேரத்தில் அவர் எழுந்தார். "எல்லாம் சரி. நூலகத்துல எதை வெப்பீங்க?"

"ரெண்டையும் வெப்போம்ப்பா" என்றாள் மகள் மேடையிலிருந்து. "ஒண்ணு அவங்க பாடினது. இன்னொண்ணு ஊர் கேட்டது. ரெண்டும் வரலாறுதான்."

"ரெண்டும் எப்படிம்மா சரியாகும்? ஒண்ணு பாட்டு, இன்னொண்ணு என் தப்பு!"

"உங்க தப்பும் வரலாறுதாம்ப்பா இப்ப."

கை தட்டினார்கள். மூளைக்காரன் திரும்பிப் பார்த்து, மீண்டும் அந்தச் சொல்லைத்தான் சொன்னான், வாயசைவிலேயே தெரிந்தது. தப்பு செய்தவனே எழுந்து நின்று தப்பு என்கிறான். அதற்கும் கை தட்டுகிறார்கள். இவர்களிடம் என்ன பேசுவது? மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே வந்தார்.

படிக்கட்டில் இறங்கும்போது முதல் வரியைச் சன்னமாகப் பாடிப் பார்த்தார். இருந்த இடத்திலேயே இருந்தது, நூலிழையும் நகரவில்லை. அந்த ஒன்றையாவது எவனும் திருகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மின்பலகை மாட்டியிருந்தது. அடுத்த பஸ் இரண்டு நிமிஷத்தில் என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. நாலு பேர் சாலையைப் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தட்டுக்காரர் சாலையை எட்டிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் பஸ் இல்லை. பலகையை ஒரு முறை முறைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.